கழிவறைத் தண்ணீர் எதிர்த்து வந்தால்...

(மழைக்காலத்துக்கு முன்பாகச் சேதராப்பட்டில் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து, சமைத்து வைத்துவிட்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நன்றி. இன்றைக்குப் பேசப் போகிற விஷயம் சாப்பிட்ட பிறகு கேட்கிற விஷயம் இல்லைதான். ஆனாலும் கேட்டுத்தான் ஆகணும். நம்ம வீட்டுக் கழிவறையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதில் போன தண்ணீர் திரும்பி வந்தால் என்ன ஆகும், அப்போது என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாது, அவ்வளவுதான்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதியை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ரெட்டியார்பாளையம் புதுநகர். அது நமக்குத் தூர ஊர் இல்லை. காலை நேரம். ஒரு வயதான அம்மா கழிவறைக்குப் போனார், மயங்கி விழுந்தார். சத்தம் கேட்டு அவரைத் தூக்க மகள் உள்ளே போனார். அவரும் விழுந்தார். அதே தெருவில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளைக்கும் அதே கதி. மூன்று உயிர் போயிற்று. பாதாளச் சாக்கடையில் உருவான விஷவாயு கழிவறைக் குழாய் வழியாக வீட்டுக்குள் வந்திருந்தது. அவர்கள் யாரும் ஆள்நுழைக் குழிக்குள் இறங்கவில்லை. சொந்த வீட்டுக் கழிவறைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு நிறைய பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "எங்க ஊர்ல பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். எங்களுக்கு என்ன பயம்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அந்த வாயு பாதாளச் சாக்கடைக்கு மட்டும் சொந்தமானது இல்லை. மலமும் கழிவுநீரும் காற்றுப்படாமல் தேங்கிக் கிடக்கிற எந்த இடத்திலும் அது உருவாகும். உங்கள் வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் மூடி போட்டு, மேலே துளசிமாடமோ ஸ்கூட்டரோ நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அந்த டேங்கிலும் உருவாகும்.

வளைந்த குழாய் செய்கிற வேலை

அந்த வாயுவின் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது. அதனால் தாழ்வான இடத்தில் தேங்கும். உட்கார்ந்திருப்பவரும் விழுந்து கிடப்பவரும்தான் அதை அதிகம் சுவாசிப்பார்கள். இதில் பெரிய சூழ்ச்சி ஒன்று இருக்கு. கொஞ்சமாக இருக்கும்போது நாற்றம் தெரியும். அளவு கூடும்போது நம் மூக்கு மரத்துப் போய்விடும், நாற்றமே தெரியாது. பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு இந்த வாயு இருந்தாலே முகரும் சக்தி போகும். 500, 700 பங்கு என்று ஏறினால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். அதனால் "இப்ப நாத்தம் நின்னு போச்சு, சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாயு போயிருக்கலாம், மூக்கு போயிருக்கவும் கூடும்.

அப்படியானால் தினமும் நாம் கழிவறைக்குப் போகிறோமே, எப்படி உயிரோடு இருக்கிறோம்? கோப்பைக்குக் கீழே ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. கொத்தனார்கள் எஸ் டிராப், பி டிராப் என்று சொல்வார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அந்தப் பக்கம் டேங்கு, இந்தப் பக்கம் நம் வீடு. நடுவில் சில சென்டிமீட்டர் தண்ணீர் மட்டும் காவல். குளியலறைத் தரையில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே, எல்லா இடத்திலும் இந்தத் தண்ணீர்ப் பூட்டு இருக்க வேண்டும். காசு மிச்சம் என்று நேர்க்குழாய் போட்டுவிட்டால் அந்தக் கதவைக் கழற்றி எறிந்த மாதிரிதான்.

டிராப் இருந்தால் மட்டும் போதாது, அதில் தண்ணீர் இருக்கணும். 2003-ல் ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. ஆராய்ந்து பார்த்தபோது குளியலறைத் தரைக் குழாய்களின் வளைவில் தண்ணீர் காய்ந்து போயிருந்தது தெரிய வந்தது. குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டதும், காய்ந்த குழாய் வழியாகச் சாக்கடைக் காற்றும் நுண்துளிகளும் வீட்டுக்குள் இழுக்கப்பட்டன என்று வல்லுநர்கள் சொன்னார்கள். பெரிய நகரம், உயரமான கட்டடம். ஆனால் குறை என்னவோ ஒரு குவளைத் தண்ணீர் இல்லாததுதான்.

நீங்க மாதக் கணக்கில் பயன்படுத்தாத ஒரு குளியலறை மாடியில் இருக்கா? விருந்தாளி வந்தால் திறக்கிற அறையா? வாரத்துக்கு ஒருமுறை அங்கிருக்கிற தரைக் குழாயிலும் கோப்பையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தண்ணீர் ஏன் திரும்பி வருகிறது?

கழிவுநீர் எதிர்த்து வருவதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை. ஒன்று, குழாயில் அடைப்பு. நாப்கின், குழந்தைகளின் டயப்பர், துணி, ஷாம்பு உறை, சமையல் எண்ணெய் எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. இரண்டு, டேங்கு நிரம்பியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு என்று கட்டிய டேங்கு. இன்றைக்கு மாடி எடுத்து, பக்கவாட்டில் நாலு ரூம் போட்டு, தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருப்போம். ஆள் கூடினார்கள், டேங்கு அப்படியே இருக்கு. மூன்று, மழை. டேங்கில் தெளிந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கணும். மழைக்காலத்தில் மண்ணே தண்ணீரில் ஊறிக் கிடந்தால் அது எங்கே இறங்கும்? வந்த வழியே திரும்பும்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்படிப்பட்ட மழையில் எந்த உறிஞ்சுகுழியும் வேலை செய்யாது. தெருத் தண்ணீரும் கழிவுநீரும் ஒன்றாகிவிடும். முழங்கால் அளவுத் தண்ணீரில் எது மழைநீர், எது மற்றது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தையும் கழிவுநீராகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்து வருவதற்கு முன்னால் அது நமக்குச் சொல்லும். கோப்பையில் ஊற்றிய தண்ணீர் மெதுவாக இறங்கும். குளியலறைக் குழாயில் "குளுகுளு"வென்று சத்தம் வரும். துணி துவைத்துத் தண்ணீர் விட்டால் கழிவறைக் கோப்பையில் நீர்மட்டம் ஏறும். சாயங்காலமானால் முட்டை நாற்றம் வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லணும். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப் போட்டால், ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது.

முதல் ஒரு மணி நேரம்

தண்ணீர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் என்ன நடக்கும்? வீட்டம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்குவார். வீட்டுக்காரர் ஆசிட் பாட்டிலைத் தேடுவார். பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். இந்த மூன்றும் வேண்டாம்.

முதலில் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மாடியில் குடியிருப்பவருக்கும் சொல்லுங்கள். மேலே ஒருவர் குளித்தால் அந்தத் தண்ணீர் கீழ்வீட்டுக் கோப்பையில்தான் வரும். வாஷிங் மெஷினை நிறுத்துங்கள்.

இரண்டாவது, கரண்ட். தண்ணீர் பிளக் பாயிண்ட் அருகே வந்திருந்தாலோ, ஃபிரிட்ஜ், மோட்டார் நனைந்திருந்தாலோ மெயினை அணைக்கணும். மெயின் இருக்கிற இடம் காய்ந்திருந்தால் மட்டும் நீங்கள் அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். அப்படி முடியாவிட்டால் மின்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

மூன்றாவது, குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோயால் காலில் புண் உள்ளவர்கள் எல்லோரையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சன்னல், கதவுகளை அகலத் திறந்து வையுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். ஆசிட் ஊற்றாதீர்கள். நானே அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். பல வருஷம் முன்னால் வாடகை வீட்டில் இருந்தபோது கழிவறை அடைத்துக்கொண்டது. முந்தின நாள்தான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன். மறுநாள் அதே கோப்பையில் ஆசிட்டை ஊற்றினேன். கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரிய ஆரம்பித்தது. இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடி வந்தேன். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலை அரிக்கிற வாயு அது. போதாததற்கு, தேங்கிய கழிவில் ஆசிட் பட்டால் நான் முதலில் சொன்ன ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பும். அடைப்பு எடுக்கிறோம் என்று நாமே விஷவாயுவைத் தயார் செய்கிறோம். படித்த எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

டேங்கு மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். தீக்குச்சி, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் வேண்டாம். உள்ளே மீத்தேன் இருக்கும், தீப்பிடிக்கும்.

இனி ஒரு கஷ்டமான வார்த்தை. கழிவறையிலோ டேங்கிலோ ஒருவர் விழுந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். அது உங்கள் அம்மாவாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம். ஓடத்தான் தோன்றும். புதுநகரில் அந்த மகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த வாயு காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். முகத்தில் கட்டுகிற ஈரத்துணியோ கொரோனா காலத்து மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. கதவை அகலத் திறங்கள், வெளியிலிருந்தே சன்னலைத் திறங்கள் அல்லது உடையுங்கள், சத்தம் போட்டு ஆள் சேருங்கள், 108-க்கும் 112-க்கும் சொல்லுங்கள். "விஷவாயு மாதிரி இருக்கு" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். சுவாசக் கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வரணும். அவர்கள் உள்ளே போவார்கள். அதற்குத்தான் அவர்களிடம் கருவி இருக்கு.

இந்தத் தண்ணீரில் என்ன இருக்கு?

"சோப்பு போட்டுக் கழுவினா போச்சு, இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்கலாம். 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு யமுனை தடம் மாறி ஓடியது. நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதிகாரிகள் பார்த்தார்கள், குளோரினைக் கூட்டினார்கள். டைஃபாய்டு பெருகவில்லை. ஆனால் சில வாரம் கழித்து மஞ்சள் காமாலை வந்தது. சுமார் 29,300 பேருக்கு. அதற்குக் காரணம் ஹெபடைடிஸ் இ என்கிற கிருமி என்று பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மலத்திலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து வாய்க்கு என்று பரவுகிற கிருமி. மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கிற கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறந்துபோகக்கூடிய அளவுக்கு ஆபத்து. கர்ப்பிணிகளைத் துடைப்பம் எடுக்க விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம். நம் காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா வந்ததே! பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலப்பதுதான் அப்படிப்பட்ட நோய்க்கு வழி.

எலிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால், பாதத்தில் இருக்கிற சிறு வெடிப்பு வழியாகக்கூட உள்ளே போகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையில் கடுமையான வலி, கண் சிவப்பு. விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். அப்புறம் கொசு. மூடி சரியில்லாத செப்டிக் டேங்கும் வலை கட்டாத வென்ட் பைப்பும் கியூலக்ஸ் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசு அது. இந்தக் கொசுக்களை ஆராயவே நம் புதுச்சேரியில் 1975-லிருந்து ஓர் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

சுத்தம் செய்கிற முறை

அடைப்பு எடுத்து, தண்ணீர் வடிந்து, நாற்றம் குறைந்த பிறகுதான் சுத்தம் செய்யணும். வீட்டில் திடமான ஒருவர், கூடவே வெளியே நின்று பார்த்துக்கொள்ள இன்னொருவர். ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, வாய் மூக்கை மூட மாஸ்க். இந்த மாஸ்க் தெறிக்கிற துளிக்குத்தான், வாயுவுக்கு இல்லை. பூட்ஸ் இல்லாவிட்டால் வயலுக்குப் போட்டுப் போகிற ரப்பர் ஷூ போதும். வெறுங்கால் மட்டும் கூடாது. கையில் காயம் இருந்தால் அவர் இறங்க வேண்டாம்.

திடக்கழிவை மண்வெட்டியாலோ முறத்தாலோ அள்ளி, இரண்டு பைகளில் போட்டுக் கட்டுங்கள். தெருவில் இருக்கிற மழைநீர் வாய்க்காலில் தள்ளாதீர்கள். அது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கோ ஏரிக்கோதான் போகும். பிறகு சோப்புத் தண்ணீரால் தரையையும் சுவரையும், தண்ணீர் ஏறிய உயரத்துக்கு ஒரு முழம் மேலே வரை, தேய்த்துக் கழுவுங்கள். அதன் பிறகுதான் பிளீச்சிங். நிறைய பேர் சேற்றின் மேலேயே பவுடரைத் தூவுகிறார்கள். அழுக்கு இருக்கும்போது குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. கோலம் போடுகிற மாதிரி வாசலில் தூவினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான் பலன்.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 150 கிராம். பிளாஸ்டிக் வாளியில், வெளிக்காற்றில் வைத்துக் குச்சியால் கலக்குங்கள். கொஞ்ச நேரம் விட்டால் சுண்ணாம்பு கீழே படியும். மேலே இருக்கிற தெளிந்த நீரை எடுத்துத் தரையில் ஊற்றித் துடைத்து, குறைந்தது பத்து நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரால் கழுவலாம். திறந்து பல மாதம் ஆன பவுடருக்குச் சக்தி இருக்காது. மூடியைத் திறந்ததும் நெடி அடிக்காத பவுடரை வாங்காதீர்கள். கலந்த தண்ணீரை அன்றைக்கே பயன்படுத்துங்கள். திரும்பவும் சொல்கிறேன்: ஆசிட்டோடு, வேறு எந்தக் கழிவறைத் திரவத்தோடும் இதைச் சேர்க்காதீர்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது? ஸ்டீல், கண்ணாடி, கெட்டிப் பிளாஸ்டிக் எல்லாம் கழுவலாம். பாத்திரங்களைக் கழுவிய பின் கொதிநீரில் போட்டு எடுங்கள். துணிகளைத் தனியாக, சுடுநீரில் சோப்பு போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். கழிவுநீர் ஊறிய பஞ்சு மெத்தை, தலையணை, அட்டைப் பெட்டி, சாக்கில் இருக்கிற அரிசி, பருப்பு, நனைந்த காய்கறி எல்லாம் போகட்டும். கல்யாணத்துக்கு வாங்கின மெத்தைதான். மனசு கேட்காது. வெயிலில் போட்டால் மேலே காயும், உள்ளே ஊறியது அப்படியே இருக்கும்.

தண்ணீர்த் தொட்டி. தரைக்குக் கீழே இருக்கிற சம்ப்பில் கழிவுநீர் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கக் கூடாது. மோட்டார் வைத்து முழுக்க இறைத்து, நீண்ட பிரஷ்ஷால் மேலிருந்தே தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் அந்தத் தண்ணீரையும் வெளியேற்றுங்கள். மூடிய சம்ப்புக்குள் ஆளை இறக்காதீர்கள், அங்கேயும் மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு. அதன் பிறகு பிடிக்கிற தண்ணீரையும் சில வாரங்களுக்குத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான் குடிக்கணும். தில்லியில் குளோரின் மட்டும் போதவில்லை என்பதை மறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் குளித்துவிடுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாக வையுங்கள். கீறல் பட்டிருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். இரணஜன்னித் தடுப்பூசி தேவையா, எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்வார். கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம்.

தேதியைக் குறித்து வையுங்கள்

வீடு காய்ந்து, நாற்றம் போனதும் நாம் மறந்துவிடுவோம். நோய் மறக்காது. காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வரும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில். டைஃபாய்டு மூன்று, நான்கு வாரம்கூட ஆகும். மஞ்சள் காமாலை ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து வரும். அதற்குள் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் கழிவுநீர் வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த இரண்டு மாதத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் மஞ்சள் என்று எது வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "எங்க வீட்டுல இந்தத் தேதியில சாக்கடைத் தண்ணி வந்துச்சு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டாக்டருக்கு வழி காட்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுக்க ஆரம்பியுங்கள். பாக்கெட் கையில் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைக் குவிக்காமல் தலை தட்டி அளக்கணும். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

டேங்கில் இறங்குகிறவரும் நம்ம ஆள்தான்

கடைசியாக ஒன்று. டேங்கு நிரம்பினால் என்ன செய்கிறோம்? லாரிக்காரர் கேட்கிற பணம் அதிகம் என்று, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, வாளியோடு உள்ளே இறங்கச் சொல்கிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது குற்றம். முதல்முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரருக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் இந்தச் சட்டம் இல்லை. வீட்டுக்காரரான உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-ஆம் தேதி தீர்ப்பு சொன்னது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. புதுநகரில் கழிவறை வாசலில் வந்த வாயுவே மூன்று பேரைக் கொன்றது என்றால், அதன் ஊற்றிலேயே தலையை விடுகிறவர் என்ன ஆவார்? அவருக்கும் வீட்டில் பிள்ளை காத்திருக்கும். உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிடணும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். 14420 என்கிற எண்ணிலும் உதவி கேட்கலாம். லாரிக்காரர் எடுத்த கழிவை எங்கே கொட்டுகிறார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டினால் அது நம் போர்வெல்லுக்கே திரும்பி வரும்.

செப்டிக் டேங்கை இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, நிரம்பி வழியும்வரை காத்திருக்காமல், சுத்தம் செய்யணும். மழைக்கு முன்னால் செய்தால் இன்னும் நல்லது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் வீட்டுக்காரரைக் கேளுங்கள்: டேங்கு எங்கே இருக்கு, கடைசியாக எப்போது எடுத்தீங்க? வீட்டுக்காரர்கள் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறு, போர்வெல்லுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி விடுங்கள். வென்ட் பைப்பைக் கூரைக்கு மேலே உயர்த்தி, முனையில் கொசுவலை கட்டுங்கள். தாழ்வான வீடுகளில் கழிவுக் குழாய்க்கு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட முடியுமா என்று பிளம்பரைக் கேளுங்கள். எந்த இடத்திலும் வளைவுக் குழாயை விட்டுவிடாதீர்கள்.

நேரமாயிற்று, பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். பயன்படுத்தாத குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் இருந்தால் பிரித்து வையுங்கள். டேங்கு எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு என்று வீட்டில் கேளுங்கள். பதில் யாருக்கும் தெரியாவிட்டால், நாளைக்குக் காலையில் லாரிக்குச் சொல்ல வேண்டிய வீடு உங்க வீடுதான்.

சந்தேகம் இருக்கிறவர்கள் இருங்க, பேசலாம்.